லடாக் சரளை நிலத்தில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

லே பக்கம் வேலைக்கு வந்து, குடியிருப்புக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடைத்ததும் நாலு பாத்தி கீரை போடலாம் என்று இறங்கும் நம்ம ஆட்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தண்ணீர் நிற்கவில்லை, இலை மஞ்சளாகிறது, வெள்ளையாகப் பூக்கிறது, வைத்த மரம் பட்டுப்போகிறது. நான் தர்மபுரிப் பக்கம் கல்லுக்காட்டில் வளர்ந்தவன், சரளை நிலம் எனக்குப் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே ஒரு மாணவர் விடுதியின் காய்கறித் தோட்டத்தை ஏற்றேன். ஆறு கோடை ஆகிவிட்டது. முதல் இரண்டு கோடை முழுக்கத் தப்பாகவே செய்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்க் கல்லுக்காட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கல்லோடு செம்மண்ணும் களியும் கலந்திருக்கும். இங்கே 3,500 மீட்டர் உயரம், ஆண்டு முழுக்கச் சேர்த்தால் மழையும் பனியும் 100 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், சென்னையில் புயல் அடிக்கும் ஒரு நாளில் கொட்டுவதைவிடக் குறைவு. பாறை உடைவது உறைபனியால்தான்: பகலில் வெடிப்புக்குள் இறங்கிய நீர் இரவில் உறைந்து பிளக்கிறது, அவ்வளவுதான். பாறை மட்கிக் களிமண்ணாக மாறுவதற்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்து பல காலம் வேண்டும், அது இங்கே கிடைப்பதில்லை. ஆகவே கல் இருக்கிறது, மணல் இருக்கிறது, களி மிகக் கொஞ்சம், மட்கு அதைவிடக் கொஞ்சம். ஓடைகள் மலையிலிருந்து இறங்கும் இடத்தில் விசிறி மாதிரிப் பரப்பிவிட்ட இந்தச் சரளையின் மேல்தான் ஊர்கள் இருக்கின்றன. லே நகரமே அப்படி ஒரு விசிறியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

எதையும் சரிசெய்வதற்கு முன்னால் ஒரு குழி தோண்டுங்கள், முழங்கால் ஆழம் போதும். எடுத்த மண்ணில் 10 கிலோ நிறுத்து, கொத்தனார்கள் பூச்சு மணல் சலிக்கும் சல்லடையில் சலித்துவிட்டு, மேலே நின்ற கல்லை மட்டும் மறுபடி நிறுங்கள். எங்கள் தோட்டத்தில் கல் 6 கிலோ வந்தது. கீழே விழுந்தது 4 கிலோ, அதுவும் வெயிலில் மைக்கா மினுக்கும் சொரசொரப்பான மணல். எடையில் 60 சதவீதம் கல் என்றால், கல் மண்ணைவிட அடர்த்தி என்பதால், இட அளவில் ஏறக்குறைய 45 சதவீதம். அதாவது நிலத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் செடிக்கு ஒன்றுமே இல்லை. இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள், கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்களுக்கு இதுதான் கணக்கு.

தண்ணீர் விட்டால் உடனே காணாமல் போகிறது, மறுநாள் மாலையே செடி வாடுகிறது

இதுதான் முதல் புகார். எல்லோரும் செய்யும் முதல் தவறு, இன்னும் அதிகமாகத் தண்ணீர் விடுவது. நானும் அதைத்தான் செய்தேன்.

கணக்கைப் பாருங்கள். மணற்பாங்கான மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடிக்கென்று பிடித்து வைப்பது சுமார் 80 மில்லிமீட்டர் நீர். கீரை, முள்ளங்கியின் வேர் 30 சென்டிமீட்டருக்குள்தான், அப்போது 24 மில்லிமீட்டர். அதில் 45 சதவீதம் கல் என்று கழித்தால் 13. சதுர மீட்டருக்கு 13 லிட்டர். அதற்கு மேல் நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குடமும் வேரைத் தாண்டிக் கீழே போகிறது, போகும்போது போட்ட உரத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. இருக்கும் 13-லும் பாதி தீர்ந்ததுமே செடி திணற ஆரம்பித்துவிடும். ஜூலை வெயிலும் மதியத்துக்குமேல் கிளம்பும் காற்றும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் சர்வசாதாரணமாகப் போய்விடும். மறுநாள் வாடாமல் என்ன செய்யும்?

ஆகவே குறைவாக, அடிக்கடி. ஆனால் இங்கேதான் சிக்கல். வாய்க்கால் தண்ணீர் நம் இஷ்டத்துக்கு வராது. ஊரில் சுர்பொன் என்று ஒருவர் இருப்பார், நம்ம ஊர் நீர்க்கட்டி, மடையான் மாதிரி, அவர் வைக்கும் முறைப்படிதான் ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் திரும்பும். எங்களுக்கு ஆறு நாளுக்கு ஒரு முறை. மண் இரண்டு நாளைக்குத்தான் தாங்கும், முறை வருவதோ ஆறாம் நாள்: நடுவில் இருக்கும் நான்கு நாளை எப்படி ஓட்டுவது என்பதுதான் இந்த ஊரில் தோட்டக்கலையே. முறை வரும் நாளில் பாத்தியை மூழ்கடிக்காமல், தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். ஊரில் பொதுவாக ஸிங் என்று ஒரு குளம் இதற்காகவே இருக்கும், இரவில் வரும் நீரைத் தேக்கிக் காலையில் திறந்துவிடுவார்கள். நாங்கள் 3 பழைய பிளாஸ்டிக் டிரம்மை வைத்துச் சொட்டுநீர்க் குழாய் இழுத்தோம், போதுமானதாக இருக்கிறது.

அது முதலுதவி. நிரந்தரமான வழி, அந்த 4 கிலோவை 5 ஆக்குவது, 6 ஆக்குவது. இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாலை நேரத்தில் ஓடைத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் கலந்த பால் போல இருக்கும், அரை மணி நேரத்தில் அடியில் மாவு மாதிரி ஒரு படிவு தங்கும். பனியாறு பாறையை அரைத்து அனுப்பும் மாவு அது. தலைமுறை தலைமுறையாகப் பாசனம் செய்த பழைய வயல்களில் தோண்டினால் மேலே ஒரு முழம் மென்மையான மண்ணும் அதற்குக் கீழே சரளையும் இருப்பதைப் பார்க்கலாம். அந்த ஒரு முழத்தில் தண்ணீர் கொண்டுவந்த வண்டலும் மனிதர்கள் சுமந்து கொட்டிய எருவும்தான் பெரும் பங்கு.

நாங்கள் செய்தது: வாய்க்கால் பாத்திக்குள் நுழையும் இடத்தில் ஒரு முழம் ஆழத்துக்கு வண்டல் குழி வெட்டினோம். தண்ணீர் அதில் விழுந்து, வேகம் குறைந்து, படிய வேண்டியதைப் படியவிட்டு அப்புறம் பாத்திக்குப் போகும். கோடை முடிவதற்குள் பலமுறை வாரி, மட்கிய எருவோடு கலந்து பரப்பினோம். ஏரியில் கரம்பை வாரி மேட்டுநிலத்துக்கு அடிப்பார்களே, அதே வேலை, சின்ன அளவில்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மெல்லிய மண்ணுக்குக் கீழே சரளை இருந்தால், மேல்மண் நன்றாக நனைந்து ததும்பும் வரை நீர் சரளைக்குள் இறங்காது. மேல்மண்ணின் நுண்ணிய இடுக்குகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு சாண் வண்டல் போட்டாலே எதிர்பார்த்ததைவிட நன்றாக ஈரம் நிற்கும்.

கல்லை எல்லாம் பொறுக்கிப் போட்டேன், நிலம் இன்னும் மோசமாகிவிட்டது

ஆமாம், ஆகும். முதல் கோடையில் விடுதிப் பையன்கள் நாற்பது பேரை இறக்கி, எலுமிச்சை அளவுக்கு மேலான கல் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிக் குவித்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஏப்ரலில் காற்று அடித்தபோது மேலே இருந்த மென்மண் முழுக்கப் பக்கத்து வயலுக்கும் எங்கள் சமையலறைக்கும் போய்ச் சேர்ந்தது.

மேலே கிடக்கும் கல் ஓட்டுக்கூரை மாதிரி. காற்று கொண்டுபோக வேண்டியதைப் பல காலமாகக் கொண்டுபோய், தூக்க முடியாததை மட்டும் விட்டுவைத்திருக்கிறது, அந்தக் கல்போர்வைக்குக் கீழேதான் மிச்சமுள்ள நல்ல மண் பத்திரமாக இருக்கிறது. காலை பத்து மணிக்கு ஒரு தட்டைக்கல்லைப் புரட்டிப் பாருங்கள், சுற்றிலும் தூசி பறக்கும்போது அடியில் மட்டும் கருத்து ஈரமாக இருக்கும்.

விதைக்கும் வரிசையில் மட்டும் கல்லை எடுங்கள். கேரட், முள்ளங்கிக்கு ஒரு சாண் ஆழம் சலித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு இரண்டு கால் மூன்று காலாகப் பிளந்து வரும். எடுத்த கல்லை வெளியே எறியாமல் தக்காளி, கோஸ் செடிகளைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள். பகல் சூட்டை வாங்கி இரவில் மெல்ல விடும், அது இந்த ஊரில் பெரிய உதவி.

பொறுக்கிய பின்னும் அடுத்த வசந்தத்தில் புதிதாகக் கல் முளைத்திருந்தால் பயப்பட வேண்டாம். குளிர் கல் வழியாக வேகமாக இறங்குவதால் கல்லுக்கு அடியில் பனி கட்டுகிறது, கல்லைத் தூக்குகிறது, உருகும்போது பக்கத்து மண் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுவதால் கல் பழைய இடத்துக்கு இறங்க முடிவதில்லை. வருடா வருடம் இது நடக்கும். இலையுதிர் காலத்தில் நட்ட ஸ்ட்ராபெரி நாற்று வேரோடு மேலே வந்து கிடப்பதும் இதே காரணத்தால்தான். அதனால் நடவை வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது

இது அபூர்வம், ஆனால் உண்டு. விதைத்த பிறகு மேலே ஓடு மாதிரி இறுகிவிட்டால், வண்டல் மட்டும் போட்டு எரு போடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எருவைக் கலந்து, விதை முளைக்கும்வரை மேலே பழைய சாக்கு போட்டு வைத்தால் சரியாகிவிடும். இன்னொரு காரணம், உங்கள் நிலம் பழைய ஏரிப் படிவின் மேல் இருக்கலாம். ஸ்பிதுக், லாமாயுரு பக்கம் அந்தப் படிவுகளைப் பார்க்கலாம், வெளிர் நிறத்தில் அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் களி கிடைத்தால் பாக்கியம், ஒரு வண்டி எடுத்து மணல் பாத்திக்குக் கலந்துகொள்ளுங்கள்.

சிந்து நதிக்கு எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். லே, சாபூ, ஃபியாங் இருக்கும் வடகரையில் பின்னால் நிற்பது கிரானைட் மலை, உடைந்தால் பருமணல்தான் வரும். எதிரே ஸ்டோக், மாத்தோ பக்கம் மலை செம்பழுப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும், களிக்கல்லும் மணற்கல்லும் கூழாங்கல் திரண்ட பாறையும் கலந்தது. அங்கே மண்ணில் பசை அதிகம். இந்தக் கரையில் இருப்பவர் சொன்ன நீர்க்கணக்கை அந்தக் கரைக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டால் பயிர் அழுகும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது.

அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுசாக வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இந்த மண்ணில் மட்கே கிடையாது, பிறகு தழைச்சத்து எங்கிருந்து வரும்? யூரியா அள்ளிப் போடாதீர்கள். மேலே தூவினால் இந்தக் காரமண்ணில் அமோனியாவாக ஆவியாகும், தண்ணீரோடு போனால் சரளைக்குள் இறங்கிவிடும். மண் பரிசோதனை அறிக்கை வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: ஆய்வகத்தில் சோதிப்பது சல்லடைக்குக் கீழே விழுந்த மண்ணை மட்டும்தான், கல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நிலம் முழுக்க அந்த மண்தான் என்று வைத்துத்தான் ஏக்கருக்கு இவ்வளவு உரம் என்று பரிந்துரை வருகிறது. உங்கள் நிலத்தில் 45 சதவீதம் கல் என்றால் அவர்கள் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல் போதும், அதையும் மூன்று நான்கு தவணையாகப் பிரித்து மண்ணுக்குள் மூடிப் போடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அறிக்கையில் இருந்ததை அப்படியே ஒரே தடவையில் போட்டு ஒரு பாத்தி முள்ளங்கி முழுக்கக் கருகியதைப் பார்த்த பிறகுதான் அந்த அறிக்கையை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன்.

இந்த ஊர்க்காரர்கள் உரக்கடை வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இதற்கு வழி கண்டுவிட்டார்கள். வீட்டோடு சேர்ந்த உலர் கழிப்பறையில் மண்ணும் சாம்பலும் போட்டு மூடி, நன்றாக மட்கிய பின் வசந்தத்தில் வயலுக்குக் கொண்டுபோவார்கள். அப்புறம் பட்டாணியும் குதிரைமசாலும். இரண்டும் காற்றிலிருந்தே தழைச்சத்து பிடிக்கும். முட்செடியாக ஓடையோரம் ஆரஞ்சு நிறப் பழத்தோடு நிற்கிறதே, லே பெர்ரி என்று சாறு விற்கிறார்களே, அதன் வேரும் அப்படித்தான். வேலியாக அதை வைத்தால் ஆடும் வராது, மண்ணும் தேறும்.

நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது வேறு, இரும்புச்சத்து எட்டவில்லை. எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு மண்ணில் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது, அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டினாலும் வீண். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள், பத்து நாள் விட்டு இன்னொரு முறை. வாதுமை மரத்துக்கும் இதேதான். மே மாதத்தில் மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும்போது வரும் மஞ்சள், மண் சூடானதும் பல நேரம் தானே மாறிவிடும், அதற்குள் பதறி எதையும் ஊற்றாதீர்கள்.

வெள்ளையாகப் பூக்கிறது

குழியில் எடுத்த கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பட்டை இருக்கிறதா? தொந்தரவு இல்லை. இறங்கும் நீர் கல்லின் அடியில் தொங்கிக் காயும்போது சுண்ணாம்பை விட்டுச் செல்கிறது, வறண்ட மண்ணில் எங்கும் இருப்பது. அது கல்லையும் மண்ணையும் சேர்த்து இறுக்கித் தட்டாகிவிட்டால் மட்டும் கடப்பாரை எடுக்க வேண்டும்.

மண்ணின் மேலேயே மாவு மாதிரி பூத்தால் உவர். விரலில் நனைத்துத் தேய்த்தால் சோப்பு போல வழுக்குகிறதா? அது சோடா உவர். நுப்ரா பள்ளத்தாக்கில் இப்படிப் பூக்கும் சோடாவைத்தான் வாரிவந்து வெண்ணெய்த் தேநீருக்குப் போடுகிறார்கள், தேநீருக்கு நல்லது, வெங்காயத்துக்கு ஆகாது. உவர் வரும் இடம் மேட்டுச் சரளை அல்ல, ஆற்றோரப் புல்தரையும் வாய்க்காலுக்குக் கீழே தண்ணீர் கசிந்து நிற்கும் தாழ்வும். கசிவை அடைத்து, வடிகால் வெட்டி, சீசன் முடிவில் ஓடை நீரால் இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவி விடுங்கள். நீர் நிற்காத குணம் இங்கே நமக்குச் சாதகம், சாதாரண உப்பு சீக்கிரம் இறங்கிவிடும். சோடா உவருக்குக் கழுவினால் மட்டும் போதாது, ஜிப்சம் வேண்டும்.

"நல்ல மண்" என்று டிராக்டரில் கொண்டுவந்து விற்பவரிடம் வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் நனைத்து வெயிலில் காயவைத்துப் பாருங்கள், ஓரத்தில் வெள்ளை கட்டினால் வேண்டாம். ஆற்றங்கரையில் அள்ளிய இரண்டு லோடு வாங்கி, அதைக் கழுவவே எங்களுக்கு ஒரு கோடை ஆனது.

மரம் முதல் வருடம் துளிர்த்தது, இரண்டாம் வருடம் பட்டுவிட்டது

பாப்ளரும் வில்லோவும் இங்கே போத்தாக நடுவதுதான் வழக்கம், முருங்கைப் போத்து மாதிரி, ஆனால் ஆள் உயரத்துக்கு மேல். முதல் வருடத் துளிர் போத்துக்குள் இருந்த சேமிப்பிலிருந்து வருவது, அதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது.

தோண்டிப் பாருங்கள். வேர் குழிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால், குழியை முழுக்க எருமண்ணால் நிரப்பியதுதான் தவறு. உள்ளே சோறு, வெளியே கல், வேர் ஏன் வெளியே போகும்? குழியை ஆழத்தைவிட அகலமாக வெட்டி, எடுத்த சரளையிலேயே பாதியை வண்டலோடு கலந்து போடுங்கள், ஓரத்துக்குப் போகப்போகச் சரளை கூடட்டும்.

வேர் நன்றாக இருந்து பட்டை தெற்கு, மேற்குப் பக்கம் மட்டும் வெடித்திருந்தால் குளிர்கால வெயில்: பகலில் பட்டை சூடாகி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போகும்போது பிளக்கிறது. சுண்ணாம்பு அடியுங்கள். பட்டையே காணோம் என்றால் கழுதையோ ஆடோ தின்றிருக்கும். லே தெருக்களில் இளமரங்களுக்குத் துணி சுற்றி, அடி வெட்டிய தகர டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதையே செய்யுங்கள். நிலம் உறைவதற்கு முன் கடைசியாக ஒருமுறை வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிடுங்கள், சரளையில் நிற்கும் மரம் குளிர்காலத்தில் சாவது பெரும்பாலும் தாகத்தால்தான்.

விதைக்கும் நேரத்தில் ஓடையில் தண்ணீரே இல்லை

இது உங்கள் மண்ணின் கோளாறு இல்லை. பனியாறு உருகுவது ஜூனுக்குமேல், விதைப்போ ஏப்ரல் கடைசி, மே. லடாக் பொறியாளர் சேவாங் நோர்பெல் ஓடையைக் குறுக்கே மடக்கி உறையவைத்த செயற்கைப் பனியாறுகளும், சோனம் வாங்சுக் ஃபியாங்கில் நீரைக் கூம்பாக உறையவைத்து எழுப்பிக் காட்டிய பனி ஸ்தூபியும் இந்த இரண்டு மாத இடைவெளிக்காகவே. உங்கள் பாத்திக்கு, முந்தைய இலையுதிர் காலத்தில் நனைத்து, உழாமல், மூடாக்கு போட்டு வைத்தால் முளைக்கும் அளவுக்கு ஈரம் மிஞ்சும்.

வாய்க்காலே குடித்துவிடுகிறது என்றால், சிமென்ட் பூசினால் உறைபனி பெயர்த்துவிடும். ஆற்றோரப் புல்லை வேர்மண்ணோடு செங்கல் அளவுக்கு வெட்டி, கசிவில் திணித்து மிதியுங்கள். வேர் பிடித்ததும் தானே அடைத்துக்கொள்ளும்.

மேலே மென்மண், உள்ளே பெரிய பெரிய பாறை, எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது

குழியில் அடுக்கு அடுக்காக இல்லாமல், மாவும் மணலும் பானை அளவு பாறையும் பாயசத்தில் முந்திரி மாதிரி கலந்திருந்தால், அந்த இடம் சேறும் கல்லும் ஒன்றாக உருண்டு வந்து நின்ற இடமாக இருக்கலாம். பழைய பனியாறு விட்டுப்போன குவியலும் இப்படித்தான் இருக்கும், ஆனால் ஓடை வாய்க்கு நேராக இருந்தால் முதலாவதையே நினையுங்கள். செடிக்கு அது நல்ல மண்தான், களியும் வண்டலும் அதிகம். ஆனால் 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் லேயிலும் பக்கத்துச் சோக்லம்சரிலும் வந்தது அப்படி உருண்டு வந்த சேறும் கல்லும்தான், இருநூறு பேருக்கு மேல் போனார்கள். காய்ந்த சரளைச் சரிவு மழையைக் குடிக்கப் பழகியதல்ல, குறுகிய நேரத்தில் கொட்டினால் மொத்தமாக இறங்கிவிடும். இடத்தை வாங்குவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் ஓடை முன்பு எந்தப் பக்கம் ஓடியது என்று கேளுங்கள், கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தடத்தில் பாத்தி போடுங்கள், பாப்ளர் வையுங்கள், படுக்கும் அறையை மட்டும் அங்கே கட்டாதீர்கள்.